தெரிந்தவர் கெடுத்த தலை: கொஞ்சம் வரலாறு

முடி வெட்டுவதில் என்னய்யா வரலாறு என்று கேட்பீர்கள். இருக்கிறது. நன்றாகத் தெரிந்த கடைக்காரர் தலையைக் கெடுத்துவிட்டால் என்ன செய்வது என்ற ஒரு சின்னச் சங்கடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால், அது ரோமாபுரி, தென்னாப்பிரிக்கா, நம்மூர் வேப்பமரத்தடி, டெல்லி அரசியல் நிர்ணய சபை என்று எங்கெங்கோ கொண்டுபோய் விடுகிறது. பி.காம். படிக்கிறவனுக்கு இது எதற்கு என்றால், ஒப்பந்தச் சட்டமும் நுகர்வோர் பாதுகாப்பும் எங்கள் பாடத்தில்தான் வருகின்றன. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

சங்கடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாத கடையில் பின்மண்டையில் படிக்கட்டு விழுந்தால் அங்கேயே சத்தம் போடலாம். இல்லையென்றால் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் இருக்கலாம். தெரிந்த கடையில் இரண்டும் நடக்காது. முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராது. வேறு கடைக்குப் போனாலோ, புதிதாக வெட்டிய தலையோடு பழைய கடை வாசலைத் தாண்டித்தான் வீட்டுக்குப் போகவேண்டும். அதனால் "சூப்பர்ணே" என்று சொல்லிவிட்டு மூன்று வாரம் தொப்பி போட்டுக்கொண்டு திரிகிறோம்.

இதை மனித சுபாவம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் படித்த பிறகு அப்படித் தோன்றவில்லை. முடி வெட்டுகிறவரிடம் வாடிக்கையாளர் கூச்சப்படுவது என்பது மிகச் சமீபத்திய விஷயம். வரலாற்றின் பெரும்பகுதியில் யாரும் கூச்சப்பட்டதாகத் தெரியவில்லை.

முதலில் ரோம். ரோமர்கள் ரொம்ப காலம் தாடியும் முடியுமாகத்தான் இருந்தார்கள். கி.மு. 300 வாக்கில் சிசிலித் தீவிலிருந்து நாவிதர்களை ஒருவர் அழைத்துவந்த பிறகுதான் அங்கே சவரம் பரவியது என்று வர்ரோ சொன்னதாகப் பிளினி எழுதிவைத்திருக்கிறார். கி.பி. முதல் நூற்றாண்டு முடிவதற்குள் தெருவுக்குத் தெரு கடை வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கவிஞர் மார்ஷியல், அந்தியோகஸ் என்ற நாவிதரின் பெயரைப் போட்டே திட்டி ஒரு கவிதை எழுதினார். தன் முகவாயில் இருக்கும் தழும்புகள் எல்லாம் அந்த ஆளின் கைவேலை என்றும், பிராணிகளிலேயே ஆட்டுக்குத்தான் அறிவு அதிகம், தாடியோடு இருந்துவிடுகிறது என்றும் புலம்பல். கத்தியைவிட மெதுவாக வேலை செய்யும் இன்னொரு நாவிதரையும் அவர் விடவில்லை. ஒரு பக்கம் சிரைத்து முடிப்பதற்குள் மறுபக்கம் வளர்ந்துவிடுகிறதாம். இதில் எங்காவது "பாவம், தெரிந்த மனுஷன்" என்ற தொனி உண்டா? கிடையாது. காரணம் எளிது. ரோமில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள், அல்லது விடுதலை பெற்ற அடிமைகள். மேலே இருப்பவன் கீழே இருப்பவனைத் திட்டுவதற்குக் கூச்சம் எதற்கு?

சட்டத்தில் இன்னும் சுவாரசியமான ஒரு இடம் இருக்கிறது. ஜஸ்டினியன் பேரரசர் கி.பி. 533ல் தொகுத்து வெளியிட்ட 'டைஜஸ்ட்' என்ற சட்டத் தொகுப்பில் இந்த வழக்கு வருகிறது. தெருவில் சிலர் பந்து விளையாடுகிறார்கள். பக்கத்தில் ஒரு நாவிதர் ஓர் அடிமைக்குச் சவரம் செய்துகொண்டிருக்கிறார். பந்து வேகமாக வந்து நாவிதரின் கையில் பட, கத்தி கழுத்தை அறுத்துவிடுகிறது. நஷ்டஈடு யார் தருவது? தப்பு நாவிதருடையது என்றார் ஒரு சட்ட அறிஞர். விளையாடுகிற இடத்திலோ நடமாட்டம் அதிகமுள்ள இடத்திலோ நாற்காலி போட்டால் அவரைக் குறை சொல்லலாம் என்றார் உல்பியன். கூடவே ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். ஆபத்தான இடத்தில் நாற்காலி போட்டிருக்கும் நாவிதரிடம் ஒருவன் தானாகவே போய் உட்கார்ந்தால், அவன் தன்னைத்தான் நொந்துகொள்ள வேண்டும் என்பதும் தவறான பேச்சு அல்லவாம். விரும்பி ஏற்றவன் பிறகு புகார் சொல்ல முடியாது என்று எங்கள் சட்ட வகுப்பில் ஒரு கோட்பாடு சொல்லித் தருகிறார்கள். அதன் பழைய வேர்களில் ஒன்று ஒரு சவரக்கடை வாசலில் கிடக்கிறது! தெரிந்தே அதே கடைக்கு மறுபடி மறுபடி போகிற நமக்கும் உல்பியனின் பதில் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

கத்தி என்றதும் ஞாபகம் வருகிறது. சிராகூஸ் நகரத்துக் கொடுங்கோலன் டயோனிசியஸ் நாவிதரின் கத்திக்குப் பயந்து, தன் மகள்களுக்கே சவரம் கற்றுக்கொடுத்தானாம். அவர்கள் வளர்ந்ததும் அவர்கள் கையில்கூடக் கத்தியைக் கொடுக்கப் பயந்து, சூடான வாதுமைக் கொட்டை ஓட்டால் தாடியைப் பொசுக்கச் சொன்னான் என்று சிசரோ எழுதுகிறார். கழுத்தை நீட்டுவது என்பது லேசான நம்பிக்கை இல்லை. நாம் வாரக் கடைசியில் பேப்பர் படித்துக்கொண்டே செய்கிற காரியம் அந்த ராஜாவால் ஆயுசுக்கும் முடியவில்லை.

நிற்க. ரோமை விட்டு நம்மூருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் கனமாகிறது.

நம்மூரில் நூறு வருஷத்துக்கு முன்னால் 'கெட்ட கட்டிங்' என்பதே பெரும்பாலும் சாத்தியமில்லை. ஆண்கள் குடுமி வைத்திருந்தார்கள். முன்நெற்றியையும் சுற்றியும் சிரைத்துவிட்டு மீதியை வளர்த்து முடிவதில் என்ன ஸ்டைல் தப்பும்? கத்தி பட்டு ரத்தம் வந்தால் உண்டு, அவ்வளவுதான். குடுமியை எடுத்துவிட்டு 'கிராப்பு' வைத்துக்கொள்வது இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் பரவியது. கிராப்பு என்ற வார்த்தையே ஆங்கிலத்திலிருந்து வந்ததுதான். கத்தியோடு இருந்த தொழிலுக்குள் கத்தரியும் சீப்பும் கை மிஷினும் வந்தன. அளவு, சாய்வு, இரண்டு பக்கமும் சமம் என்ற கணக்கெல்லாம் அப்புறம்தான் தலைக்கு வந்தது. தலையைக் கெடுப்பதற்கே ஒரு நாகரிகம் வளர்ந்து வரவேண்டியிருந்தது என்று சொல்லலாம்.

கிராமத்தில் முடி வெட்டுபவருக்கு 'குடிமகன்' என்று பெயர். இன்று குடிமகன் என்றால் ஓட்டுப் போடுகிறவன் (டாஸ்மாக் வாசலில் வேறு அர்த்தம்). அன்று ஊருக்குச் சேவை செய்யும் சாதிகளைக் குடிமக்கள் என்பார்கள். சலவை செய்பவர், முடி வெட்டுபவர் எல்லாம் அதில் அடக்கம். குடியரசின் மிகப் பெரிய பட்டமாக நாம் வைத்திருக்கும் சொல், ஒரு காலத்தில் கொல்லைப்புற வாசலில் நிற்கவைக்கப்பட்ட மனிதரின் பெயராகவும் இருந்தது.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது? பணம் கிடையாது. ஒவ்வொரு குடிமகனுக்கும் இத்தனை வீடுகள் என்று பரம்பரையாகப் பிரிந்திருக்கும். அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் நெல் அளந்து கொடுப்பார்கள். நல்ல நாளில் சோறு, கல்யாணத்தில் துணி, சாவில் ஒரு தொகை. கல்யாண மாப்பிள்ளைக்குச் சவரம், சாவு வீட்டில் மொட்டை, சில பகுதிகளில் சங்கு ஊதுவது எல்லாம் அவர் பொறுப்பு. அந்த வீட்டுப் பெண்கள் ஊருக்கே பிரசவம் பார்த்தார்கள். மருத்துவச்சி என்பது அவர்களுக்கு வந்த பெயர்தான். புண்ணுக்கும் கட்டிக்கும் மருந்து போட்டவர்களும் இவர்களே. தமிழ்நாட்டு அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இந்தச் சமூகத்தின் பெயர்கள் மருத்துவர், நாவிதர், மங்களா, பிராணோபகாரி என்று வரிசையாக இருக்கின்றன. பிராணோபகாரி, அதாவது உயிருக்கு உதவி செய்பவர். பட்டியலில் இப்படி. தெருவிலோ, சும்மா இருப்பவனை "என்னத்தச் சிரைச்சுக்கிட்டு இருந்தே?" என்று கேட்பதற்கு அவர்கள் தொழிலைத்தான் இன்னும் எடுக்கிறோம்.

வட இந்தியாவில் இதே மாதிரியான ஏற்பாட்டைப் பற்றி வில்லியம் வைசர் 1936ல் 'ஜஜ்மானி முறை' என்று ஒரு புத்தகம் எழுதினார். அதன் பிறகு சமூகவியல்காரர்கள் ரொம்ப காலம் சண்டை போட்டார்கள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் அழகான ஏற்பாடு என்று ஒரு கட்சி, வெறும் சுரண்டல் என்று இன்னொரு கட்சி. வணிகவியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது வேறு. இது போட்டியே இல்லாத சந்தை. வீட்டுக்காரர் நினைத்தால் வேறு நாவிதரிடம் போக முடியாது, அந்த நாவிதரின் சாதிப் பஞ்சாயத்து இன்னொருவரை உள்ளே விடாது. நாவிதரும் இந்த வீடு பிடிக்கவில்லை என்று அடுத்த வீட்டைப் பிடிக்க முடியாது. இருவரும் பரம்பரைக்கும் கட்டுண்டவர்கள். ஆனால் கட்டு ஒன்றாக இருந்தாலும் முடிச்சு ஒரே பக்கம்தான் இறுக்கியது.

என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். அவருக்குச் சிறுவயதில் முடி வெட்டியவர் அவரைவிட முப்பது வயதாவது பெரியவர். தாத்தா அவரை "டேய்" என்றுதான் கூப்பிடுவாராம். அவர் தாத்தாவை "சின்னய்யா" என்பாராம். கொல்லையில் மரத்தடியில் இருவரும் குத்துக்கால் போட்டு எதிரெதிரே உட்கார வேண்டும். உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்று. வெட்டு சரியில்லை என்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "என்ன செய்யறது, அப்பாகிட்ட சொல்லுவேன், அவர் திட்டுவார்" என்றார். ரொம்ப சாதாரணமாகச் சொன்னார். பத்து வயதுப் பையன் புகார் சொல்ல, நாற்பது வயதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு திட்டு வாங்குவார். அவர்களுக்குள் நாற்பது வருஷப் பழக்கம் இருந்தது. நாம் இன்று 'தெரிந்த கடைக்காரர்' என்று சொல்வதைவிடப் பல மடங்கு நெருக்கமாகத் தெரிந்தவர்கள். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கியது அந்த வீட்டம்மா, கடைசியில் சங்கு ஊதியதும் அந்த வீட்டுக்காரர். ஆனாலும் திட்டுவதில் தயக்கம் இருந்ததில்லை. தெரிந்தவர் என்பதால் மட்டும் கூச்சம் வருவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இந்த முறையில் இன்னொரு ஆயுதமும் இருந்தது. ஊர்க்கட்டுப்பாட்டை மீறியவனை ஒதுக்கிவைக்கும்போது, அவன் வீட்டுக்குத் துணி வெளுப்பவரும் முடி வெட்டுபவரும் போகக்கூடாது என்று உத்தரவு போடுவார்கள். தாடி வளர்வதே தண்டனை. அந்த உத்தரவை மீறும் சுதந்திரம் வெட்டுபவருக்குக் கிடையாது. தண்டனையே வேண்டாம், பிறப்பிலேயே ஒதுக்கிவைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள். பட்டியல் சாதி மக்களுக்கு ஊர்க் குடிமகன் வெட்டக்கூடாது. அவர்கள் ஒருவருக்கொருவர் வெட்டிக்கொண்டார்கள், அல்லது அவர்களுக்கென்று தனியாக ஒருவர் இருந்தார். தலை கெட்டுப்போனதே என்று முனகுவதற்குக்கூட முதலில் ஒரு நாற்காலியில் உட்காரும் உரிமை வேண்டும்.

இதை வெளிநாட்டில் போய்ப் புரிந்துகொண்ட ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1893ல் தென்னாப்பிரிக்கா போன காந்தி, அங்கே வக்கீலாக இருந்த காலத்தில் பிரிட்டோரியாவில் ஒரு வெள்ளைக்கார முடிதிருத்துபவரிடம் போனார். அந்த ஆள் அலட்சியமாக மறுத்துவிட்டார். காந்தி உடனே ஒரு மிஷினை வாங்கிக்கொண்டு வந்து கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டார். முன்பக்கம் ஏதோ ஒப்பேறிவிட்டது. பின்பக்கம் நாசம். அப்படியே கோர்ட்டுக்குப் போனார். சக வக்கீல்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், தலையில் எலி ஏதாவது புகுந்துவிட்டதா என்று கேட்டார்கள். வெள்ளைக்கார நாவிதர் என் கறுப்பு முடியைத் தொட மாட்டார், அதனால் நானே வெட்டிக்கொண்டேன், எவ்வளவு கேவலமாக இருந்தாலும் பரவாயில்லை என்று இவர் பதில் சொன்னார். 1925லிருந்து அவர் தொடராக எழுதிய 'சத்திய சோதனை'யில் இந்தச் சம்பவம் இருக்கிறது.

சம்பவத்தைவிட, அதற்கு அவர் சொல்லும் விளக்கம்தான் என்னை உட்கார வைத்தது. அந்த நாவிதர் மேல் தப்பில்லை என்கிறார். கறுப்பர்களுக்கு வெட்டினால் அவருடைய வெள்ளைக்கார வாடிக்கை போய்விடும். நம்மூரில் நம் நாவிதர்கள் தீண்டப்படாதவர்களுக்கு வெட்டுவதை நாம் அனுமதிக்கிறோமா? அதற்கான கூலிதான் தென்னாப்பிரிக்காவில் எனக்குக் கிடைத்தது, ஒருமுறை இல்லை, பலமுறை என்கிறார். கோபம் வராமல் தன்னைக் காப்பாற்றியது அந்த எண்ணம்தான் என்றும் எழுதுகிறார். மோசமான முடிவெட்டுகளின் வரலாறு என்று ஒன்று எழுதினால் பிரிட்டோரியாத் தலைக்குத்தான் முதல் அத்தியாயம்.

மரத்தடியிலிருந்து கடைக்கு வந்தது எப்படி? முல்க் ராஜ் ஆனந்த் எழுதி 1944ல் வந்த தொகுப்பில் 'நாவிதர் சங்கம்' என்ற பொருளில் தலைப்பு வைத்த ஒரு சிறுகதை இருக்கிறது. பஞ்சாப் கிராமத்தில் சந்து என்ற நாவிதப் பையன் டாக்டர் மாதிரி உடை உடுத்திக்கொண்டு நிலக்காரர் வீட்டுக்குப் போக, அவர் அவமானப்படுத்தித் துரத்துகிறார். பையன் இனிமேல் யார் வீட்டுக்கும் போகமாட்டேன் என்று நின்றுவிடுகிறான். ஊரே தாடியோடு அலைகிறது. கடைசியில் அவன் கடை போடுகிறான். வேண்டியவர்கள் இனி அங்கே வரவேண்டும். கதைதான். ஆனால் நடந்த மாற்றத்தின் சாரம் அதில் இருக்கிறது. யார் யாரைத் தேடி நடப்பது என்பது மாறிப்போனது.

சலூன் என்பது இந்த ஒரு மாற்றம்தான். (பிரெஞ்சுக்காரர்கள் வரவேற்பறையைச் சொன்ன சொல், ஆங்கிலம் வழியாக நம்மிடம் முடிவெட்டும் கடையாகிவிட்டது. அமெரிக்க கௌபாய்ப் படங்களில் அதே சலூன் சாராயக்கடை. முதல்முறை பார்த்தபோது ஏன் எல்லோரும் துப்பாக்கியோடு முடிவெட்டப் போகிறார்கள் என்று குழம்பியிருக்கிறேன்.) நாற்காலி வந்தது. வெட்டுபவர் எழுந்து நின்றார். சுவரில் பெரிய கண்ணாடி, பின்னால் காட்ட இன்னொரு கண்ணாடி. கெட்டுப்போனதை முதல்முறையாக வாடிக்கையாளரே அங்கேயே பார்க்க முடிந்தது! கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு என்று விலைப்பலகை தொங்கியது. நெல் போய்க் காசு வந்தது. காசு கொடுத்ததும் கணக்குத் தீர்ந்தது. எங்கள் கணக்குப் பதிவியல் வாத்தியார் பாஷையில் சொன்னால், பரம்பரைக் கடன்கணக்கு ரொக்கக் கணக்காக மாறிவிட்டது.

தமிழ்நாட்டுச் சலூனுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. திராவிட இயக்கம் வளர்ந்த காலத்தில் டீக்கடைகளைப் போலவே சலூன்களிலும் கட்சிப் பத்திரிகைகள் கிடந்தன. ஒருவர் சத்தமாகப் படிக்க, சோப்பு நுரையோடு மற்றவர் கேட்பார். 'அரசியல் பேசாதீர்கள்' என்று போர்டு வைக்கும் அளவுக்கு அரசியல் பேசிய இடம் அது. முன்பு கொல்லையில் குனிந்து நின்றவர் இப்போது முதலாளி. கத்தரியை நிறுத்திவிட்டு எதிர்க்கட்சி பேசுகிறவருக்கு மறுப்புச் சொல்லும் உரிமை உள்ளவர். அந்தக் கடையில் உட்கார்ந்துதான் நம் ஆட்கள் 'வாடா போடா'வை விட்டு 'அண்ணே'வுக்கு வந்தார்கள் என்பது என் அனுமானம். நம்முடைய கூச்சமும் அந்த 'அண்ணே'வோடு கூடவே வந்ததுதான்.

கடைக்கதவு எல்லோருக்கும் திறந்துவிட்டதா? அரசியல் சட்டத்தின் 15(2) பிரிவு, சாதி மதம் பார்த்து யாரையும் கடைகளுக்குள் விடாமல் தடுக்கக்கூடாது என்கிறது. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் இந்தப் பிரிவு விவாதத்துக்கு வந்தபோது 'கடை' என்றால் என்ன என்று கேள்வி வந்தது. கடை என்ற சொல்லை மிகப் பரந்த பொருளில் பயன்படுத்துவதாகவும், நாடி வருகிற எவருக்கும் சேவை தரத் தயாராக இருக்கிற இடம் எதுவும் கடைதான் என்றும், வெறும் உள்ளே நுழைவதோடு அது நிற்காது, சேவையையே கேட்டுப் பெறலாம் என்றும் அம்பேத்கர் விளக்கினார். 1955ல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் வந்தது (1976லிருந்து அதன் பெயர் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம்). அதில் கடை என்பதற்கான விளக்கத்திலேயே சலவை நிலையத்தையும் முடிவெட்டும் கடையையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பொதுவாக எழுதி விட்டுவிட்டால் தப்பித்துக்கொள்வார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இருந்தும் 2020களில்கூடத் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பட்டியல் சாதி இளைஞர்களுக்கு முடி வெட்ட மறுத்ததாக வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. "இவங்களுக்கு வெட்டினா மத்தவங்க வரமாட்டாங்க" என்ற சமாதானம் அப்படியே பிரிட்டோரியாக் கடையின் சமாதானம். நடுவில் நூறு வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இங்கே ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞரைக் கூப்பிடவேண்டும். 1970ல் அவர் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். ஒரு நிறுவனத்தின் தரம் கெடும்போது வாடிக்கையாளருக்கு இரண்டு வழி உண்டு. பேசாமல் வெளியேறுவது, அல்லது குரல் கொடுப்பது. பொருளாதாரக்காரர்கள் முதல் வழியை மட்டுமே பார்க்கிறார்கள், அரசியல்காரர்கள் இரண்டாவதை மட்டுமே பார்க்கிறார்கள் என்பது அவர் புகார். விசுவாசம் என்ற மூன்றாவது சரக்கு உள்ளே வந்தால், ஆள் சட்டென்று வெளியேறாமல் குரல் கொடுத்துப் பார்ப்பான் என்றார். நல்ல கருத்துத்தான். ஆனால் ஹிர்ஷ்மன் நம்மூர்ச் சலூனில் உட்கார்ந்ததில்லை போலிருக்கிறது. இங்கே விசுவாசம் குரலையும் சேர்த்து அமுக்கிவிடுகிறது. வெளியேறவும் மாட்டோம், வாயும் திறக்கமாட்டோம். அதோடு, வெளியேறுவது எப்போதும் அப்பாவியான காரியமும் இல்லை. பிரிட்டோரியா நாவிதரைப் பயமுறுத்தியதும், நம் கிராமத்துக் கடைக்காரரைப் பயமுறுத்துவதும், மற்ற வாடிக்கையாளர்கள் 'வெளியேறிவிடுவோம்' என்று காட்டும் விரல்தான்.

சரி, குரல் கொடுத்தே தீருவேன் என்பவர்களுக்குச் சட்டம் இருக்கிறது. 1986ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக 2020ல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டுச் சட்டமும் காசு வாங்கிச் செய்யும் சேவையில் குறை இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம் என்கின்றன. டெல்லியில் ஒரு நட்சத்திர ஓட்டல் சலூனில் 2018ல் ஒரு பெண் முடி வெட்டிக்கொண்டார். அவருக்கு வழக்கமாக வெட்டுபவர் அன்று இல்லை. வேறொருவர், சொன்ன அளவை விட்டுவிட்டு ரொம்பக் குட்டையாக வெட்டிவிட்டார் என்று வழக்கு. தேசிய நுகர்வோர் ஆணையம் 2021 செப்டம்பரில் 2 கோடி ரூபாய் தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. படித்தபோது எங்கள் வகுப்பே வாயைப் பிளந்தது. 2023 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம், நஷ்டத்துக்கு ஆதாரம் பார்த்துத்தான் தொகையை முடிவு செய்யவேண்டும் என்று அந்தத் தொகையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. கவனித்தீர்களா? வழக்கு போட முடிந்தது, வழக்கமான ஆள் வெட்டாத அன்றைக்குத்தான். அவரே வெட்டியிருந்தால் கோர்ட் வரை போயிருக்குமா என்பது என் சந்தேகம்.

அதே சட்டத்தில் ஒரு விதிவிலக்கும் உண்டு. இலவசமாகச் செய்கிற சேவை அதில் வராது. இதன் முழு அர்த்தம் 2020ல்தான் நாட்டுக்கே புரிந்தது. மார்ச் கடைசியில் ஊரடங்கு போட்டு சலூன்களை எல்லாம் மூடினார்கள். தமிழ்நாட்டுக் கிராமங்களில் மே மாதம்தான் மறுபடி திறந்தது. இரண்டு மாதத்தில் வீட்டுக்கு வீடு பிரிட்டோரியா. அப்பா தலையில் மகன், மகன் தலையில் அம்மா, ஆள் கிடைக்காதவர்கள் காந்தி வழி. எங்கள் வீட்டில் அம்மா, துணி வெட்டும் கத்தரியை எடுத்தார். ஆதார வயதிலிருந்தே தெரிந்தவர், இலவச சேவை, மேல்முறையீடு கிடையாது. வாய் திறந்து "கோணலா இருக்கும்மா" என்றேன். "உன் தலையே கோணல்" என்று பதில் வந்தது. இரண்டு மாதம் வருமானமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்த கடைக்காரர்களை நினைத்தால் இது சிரிப்பாக முடியாது என்பது வேறு விஷயம்.

கடைசியாக, தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டது. நீளமாக விட்டுவிட்ட தப்பு, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கிய தப்பு, கிருதா சமமில்லாத தப்பு, இதெல்லாம் இரண்டு நிமிஷ வேலை. ஆனால் மேலே போர்த்திய துணியை உதறுவதற்கு முன்னால் சொல்லவேண்டும். உதறிவிட்டால் அடுத்த ஆள் உட்கார்ந்துவிடுவார். "அண்ணே, இடது பக்கம் இன்னும் கொஞ்சம்" என்று இடத்தைக் காட்டிச் சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லையாம். "நல்லாயில்லே" என்று மொட்டையாகச் சொன்னால்தான் எதைச் சரிசெய்வது என்று தெரியாமல் அவர்களும் சங்கடப்படுகிறார்கள். குட்டையாகிவிட்ட தப்புக்கு மட்டும் மருந்தில்லை. தலைமுடி மாதத்துக்குச் சுமார் 1 சென்டிமீட்டர்தான் வளரும். படிக்கட்டு விழுந்திருந்தால் மூன்று நான்கு வாரம் ஆகும்.